ஹார்வி துரை கட்டின ஊரா?

விக்கிரமசிங்கபுரம் என்று முழுசாகச் சொன்னால் பெங்களூரில் யாருக்கும் தெரியாது. வி.கே.புரம் என்றாலும் தெரியாது. பாபநாசம் என்றால் "தஞ்சாவூர் பக்கமா?" என்பார்கள். கடைசியில் திருநெல்வேலி என்று சொல்லிவிட்டு, அவர்கள் அல்வாவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதினெட்டு வருஷமாக இதே கதை.

ஆனால் எங்க ஊர்க்காரங்க நாலு பேர் சேர்ந்துவிட்டால் ஒரு வசனம் கட்டாயம் வரும். "ஹார்வி துரை வரலைன்னா நம்ம ஊரே கிடையாதுல்லா." இதில் எனக்குச் சம்மதமில்லை. கோபப்படாமல் படியுங்கள்.

ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற இரண்டு ஸ்காட்லாந்து சகோதரர்கள் 1885-ல் இங்கே பஞ்சாலை கட்டியது உண்மை. ஆனால் அவர்கள் ஏன் இந்த மலையடிவாரத்துக்கு வந்தார்கள்? பாபநாசத்தில் தாமிரபரணி மலையை விட்டு இறங்கி விழுகிறது. அந்தத் தண்ணீரின் வேகத்திலேயே இயந்திரத்தை ஓட்டிவிடலாம். கிழக்கே கரிசலில் பருத்தி, மேற்கே ஓசியில் சக்தி. நான் பி.காம். படித்தவன், பிழைப்பு வங்கியில். என் கணக்குப்படி முதல் பங்குதாரர் அந்த ஆறுதான். அதற்கு யாரும் டிவிடெண்ட் கொடுத்ததாகத் தெரியவில்லை :-)

1888-ல் தூத்துக்குடி கோரல் மில், 1892-ல் மதுரை மில் என்று கம்பெனி வளர்ந்தது. 1974-ல் கோட்ஸுடன் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. அதற்குள் 1944-லேயே பாபநாசத்தில் அரசு நீர்மின் நிலையமும் வந்துவிட்டது.

ஊர் அதற்கெல்லாம் முன்னாலேயே இருந்தது. பாபநாசநாதர் கோயிலை எந்தத் துரையும் கட்டவில்லை. மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் எங்க ஊர்ப் பிள்ளை. சின்னப் பையனாகத் திருவாவடுதுறைக்குப் போனவர், 1785-ல் மறைந்தார். மில் வருவதற்குச் சரியாக நூறு வருஷம் முன்பு. வெளியூர் போய்ப் பேர் வாங்கியவர் என்ற முறையில் நமக்கெல்லாம் அவர்தான் சீனியர்.

"மில் எல்லாம் கொடுத்தது" என்பதும் பாதிதான் நிஜம். 1908 பிப்ரவரியில் இதே ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் வ.உ.சி. முன்னின்று வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் வந்தன. யாரும் தானாக இறங்கிவந்து கொடுத்துவிடவில்லை. எங்கப்பா எத்தனையோ வருஷம் பதிலியாக கேட்டில் நின்றவர். யாராவது லீவு போட்டால் வேலை, இல்லாவிட்டால் திரும்பி நடை. நிரந்தரமான அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் பண்டிகை இல்லாத நாளில் வைத்த பாயசம் அது ஒன்றுதான்.

1992 நவம்பர் 13 யாருக்காவது நினைவிருக்கிறதா? மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 965 மி.மீ. மழை. ஆற்றங்கரை வீடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எனக்கு அப்போது பதின்மூன்று வயசு. எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று குடும்பம். அப்பாவின் ஷிப்ட் ஆட்கள் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துச் சோறு பிரித்துக் கொடுத்தார்கள். அந்தத் திண்ணையில் அதுவரை உட்காராதவர்களும் அன்றைக்கு உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சங்கு ஊதினால் எல்லோரும் ஒரே கேட்டில் நுழைவார்கள்; வெளியே வந்தால் அவரவர் தெரு. இதை விட்டுவிட்டு "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுத எனக்கு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அப்பா போனபிறகு வீட்டை விற்றோம். அவருடைய டிரங்குப் பெட்டியில் சம்பளச் சீட்டு, பி.எஃப். சீட்டு, யூனியன் சந்தா ரசீது எல்லாம் வருஷவாரியாகச் சணலில் கட்டி இருந்தது. எனக்கு லீவு நாலே நாள். அத்தனையையும் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டேன். பதினாறாம் நாள் வந்த அப்பாவின் கூட்டாளி ஒருவர் கேட்டார், "ஏடே, ஒங்கப்பா சீட்டையெல்லாம் சேர்த்து வச்சிருப்பானே, பத்திரமா இருக்கா?" நான் தலையை ஆட்டி வைத்தேன். ஆமாம், பொய்தான்.

வங்கியில் பழைய பதிவேடுகளை எட்டு வருஷம் வைத்திருந்துவிட்டு அழிக்க எங்களுக்கு விதி உண்டு. வீட்டுக்கு அப்படி என்ன விதி? நான் நாலே நாளில் முடித்துவிட்டேன்.

பின்னிப்பேட்டை வழியாகப் போகும்போதெல்லாம் இது உறுத்துகிறது. 1884-ல் தொடங்கிய அந்த மில்லில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பிழைத்தன! இன்று அங்கே அடுக்குமாடிகள். பேர் மட்டும் மிச்சம். நடத்தின கம்பெனியின் பேர்தான், நூற்றவர்கள் பேர் இல்லை.

அதனால் ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் பேசுவதை போனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். "மில்லைப் பத்திச் சொல்லுங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் "அதுல என்ன இருக்கு" என்பார்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், யார் சொல்லி உள்ளே எடுத்தார்கள், எந்த மேஸ்திரி ஏசினார் என்று கேளுங்கள், நிற்காமல் வரும். பெட்டியில் இருக்கும் காகிதத்தைப் போடுவதற்கு முன்னால் போட்டோவாவது எடுங்கள்.

பொங்கலுக்கு நான் போகிறேன். அந்தக் கூட்டாளி மாமாவுக்கு எண்பத்தொன்று. நேற்று போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்க மாமா, நான் பதிவு பண்ணிக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வாடே. ஆனா சத்தமாக் கேக்கணும், காதை மில்லுக்குள்ளயே விட்டுட்டு வந்துட்டேன்லா" என்றார்.