பஞ்சாயத்துப் பணம் சுருங்கும்போது எதை நிறுத்துவது: எங்கள் நிலைப்பாடு

நிதி குறைந்தால் எந்த வேலையை நிறுத்துவது என்பதை கிராம சபைதான் தீர்மானிக்க வேண்டும். அதற்கான வரவு செலவுக் கணக்கு எங்கள் பகுதிகளில் தமிழிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தமிழ் பேசும் மக்கள் சார்பில் நாங்கள் எடுத்திருக்கும் நிலைப்பாடு இது.

இன்று அதைத் தீர்மானிப்பது கிராம சபை அல்ல, டிரஷரி வரிசை. மாநில கஜானா நெருக்கடியில் இருக்கும் ஆண்டுகளில் பில்கள் அங்கே தேங்குகின்றன. மார்ச் 31க்குள் பாஸ் ஆகாத வேலை 'ஸ்பில் ஓவர்' என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டு, பல நேரம் அடுத்த ஆண்டுப் பணத்தையே தின்றுவிடுகிறது. எஸ்டேட் பாதை ஓரத்தில் கொட்டிய ஜல்லி அடுத்த மழையில் வாய்க்காலுக்குள் போகிறது. யாரும் கூடி முடிவெடுக்காமலே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பாதை இல்லை என்று ஆகிவிடுகிறது.

கேரளத்தில் பஞ்சாயத்துகள் ஏழையாகப் பிறந்தவை அல்ல. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. ஆனால் சொந்த வருமானம் என்று பார்த்தால் எங்கள் மலைப் பஞ்சாயத்துகளின் கை மிகவும் குறுகியது. நிலம் கம்பெனி கையில், குடியிருப்பு லயத்தில். லயங்களுக்குக் கட்டட வரி விலக்கு என்று 2018-ல் அரசு அறிவித்தது. தொழிலாளிக்கு நல்லதுதான், ஆனால் பஞ்சாயத்துக்கு ஏற்படும் இழப்பை அரசுதான் ஈடுகட்ட வேண்டும். முதுவான் பழங்குடி மக்களின் இடமலக்குடி 2010-ல் தனிப் பஞ்சாயத்தானது. அங்கே வரி போட என்ன இருக்கிறது?

வரியை நாங்கள் எதிர்க்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் கட்டட வரி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. சிறு வீட்டுக்காரரிடம் அதைக் கறாராக வசூலிக்கும் பஞ்சாயத்து, ரிசார்ட் கட்டடங்களையும் நேரில் டேப் பிடித்து அளந்து வரி போட வேண்டும்.

நெருக்கடியில் மக்கள் சுயநலமாகத்தான் பேசுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. சித்தூர் தாலுகாவின் பெருமாட்டிப் பஞ்சாயத்தைப் பாருங்கள். 2000-ல் அங்குள்ள பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை வந்தது. சுற்றியிருந்த கிணறுகளின் தண்ணீர் குடிக்க முடியாததாக மாறியபோது, 2003 ஏப்ரலில் அந்தப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆலையின் வரியும் கட்டணமும் ஒரு கிராமப் பஞ்சாயத்துக்குச் சிறு தொகை அல்ல. அதை இழக்கவும், நீதிமன்றம் வரை போகவும் பஞ்சாயத்து துணிந்தது. ஆலை வாசலில் குடத்தோடு உட்கார்ந்திருந்த ஆதிவாசிப் பெண்கள் பின்னால் இருந்ததால் அது முடிந்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. எதற்காக இழக்கிறோம் என்று தெரிந்தால் எங்கள் மக்கள் இழப்பைத் தாங்குவார்கள்.

சில செலவுகளில் கை வைக்கவே கூடாது என்கிறோம். வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற மழைமறைவுப் பஞ்சாயத்துகளின் கோடைக் குடிநீர் லாரி, படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ், அங்கன்வாடிச் சாப்பாடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தனி நிதி. மற்றவையெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. அலங்கார வளைவும் விழா மேடையும் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

ஆனால் பேச வேண்டுமானால் முதலில் புரிய வேண்டும். ஒரு கிராம சபையில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் திட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். முழுக்க மலையாளம். "எங்க லைன் வாய்க்கா எந்தப் பக்கத்துல இருக்கு, தம்பி?" என்று எங்களிடம் கேட்டார். தேடிப் பார்த்தோம். அந்த வாய்க்கால் எந்தப் பக்கத்திலும் இல்லை. முந்தைய ஆண்டுப் புத்தகத்தில் இருந்தது. எடுத்தது யார், எப்போது என்று மேடையில் இருந்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. அதற்குள் அந்த அக்கா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கோரமும் நிறைந்துவிட்டது.

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களோடு தமிழில் கடிதம் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. பட்ஜெட்டுக்கும் அந்த மரியாதை வேண்டும். தேங்கிய பில்கள், நிறுத்தப்பட்ட வேலைகள், அவற்றின் காரணம் ஆகியவற்றை வார்டு வாரியாகத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்திலும் எஸ்டேட்டில் மஸ்டர் (வருகைப் பதிவு) போடும் இடத்திலும் ஒட்டுங்கள். கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அதை ஞாயிற்றுக்கிழமை கூட்டுங்கள், வேலை நாளில் வந்தால் அக்காவுக்கு அன்றைய கூலி போகிறது.