சிவப்புக் கலிப்பர் பிரேக் பிடிக்காது

எங்க மாமா மகன் கட்டாரில் ஆறு வருஷம் உழைத்துவிட்டு வந்து ஒரு கெப் வாங்கினார். 2012 ஹைலக்ஸ் வீகோ, மூன்று லீற்றர் டீசல். வாங்கிய கையோடு செய்த வேலைகளைச் சொல்கிறேன், கேளுங்க. எஞ்சினுக்கு சிப் போட்டு பவர் ஏற்றினார். சஸ்பென்ஷனை ரெண்டு இஞ்சி தூக்கினார். 33 இஞ்சி டயர் மாட்டினார். கடைசியாக, நாலு சில்லுக்குள்ளேயும் ரத்தச் சிவப்பில் கலிப்பர் மின்னியது. பின் சில்லில் இருப்பது ட்ரம் பிரேக். ட்ரம்முக்கு ஏது கலிப்பர்? குனிந்து பார்த்தேன். பெரிய கம்பனிப் பெயர் எழுதிய பிளாஸ்டிக் மூடி, சிலிக்கன் கம் வைத்து ஒட்டியிருந்தது.

“பிரேக் அப்கிரேட் மச்சான்” என்றார்.

இந்தக் கட்டுரை அந்த வார்த்தையோடு எனக்கிருக்கிற சண்டை. நான் கலைப்பீடத்துப் பையன், மெக்கானிக் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வண்டிக்குள் இருந்தேன்.

கம்பளையில் ஒரு கல்யாண வீடு. கந்தப்பளையிலிருந்து கரட், லீக்ஸ், கோவா என்று மூட்டை மூட்டையாக மரக்கறியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாங்கள் அஞ்சு பேர் நுவரெலியாவிலிருந்து இறங்கினோம். லபுக்கலை தாண்டி றம்பொடைப் பக்கம் எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மச்சான் பெரிய கியரில் விட்டு, காலை பிரேக்கில் வைத்தபடியே வந்தார். நடுவில் நியூட்ரலுக்கும் தள்ளினார். டீசல் மிச்சமாம். 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் ஊரே பழகிக்கொண்ட பழக்கம் இது. வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

முதலில் வாடை வந்தது, கருகிய கிளச் மாதிரி. அப்புறம் ஒரு வளைவில் மச்சான் பிரேக்கை மிதிக்க, பெடல் சத்தமில்லாமல் தரை வரைக்கும் போனது. அவர் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரெண்டு மூணு தரம் பம்ப் பண்ணி, கியரை அடித்து இறக்கி, இடது பக்க மண்திட்டில் உரசி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்த வளைவுகளில் பூங்கொத்து விற்கிற பையன்களைப் பார்த்திருப்பீங்க. வாகனம் சுற்றி வருவதற்குள் குறுக்கால் ஓடிப்போய் அடுத்த வளைவில் நிற்பார்கள். அன்றைக்கு அந்த வளைவில் யாரும் நிற்கவில்லை.

கல்யாண வீட்டில் இதை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? “பிரேக் இல்லாம போச்சு, சாமி காப்பாத்துச்சு.”

இந்த “இல்லாம போச்சு”தான் எனக்குப் பிடிக்காத வாக்கியம். பத்திரிகையிலும் இதே கதைதான். பிரேக் செயலிழந்ததால் விபத்து என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். மழை பெய்த மாதிரி, மண் சரிந்த மாதிரி. பிரேக் தானாகக் காணாமல் போகாது. அதை யாரோ வேக வைத்திருப்பார்கள்.

கணக்கைப் பாருங்க. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். கம்பளை ஐந்நூறுக்கும் கீழே. ஆளும் மூட்டையுமாக ரெண்டரை டொன் வண்டி ஒன்று 1400 மீற்றர் இறங்குகிறது என்றால், அந்த உயரம் முழுக்க எங்கேயாவது வெப்பமாக மாறித்தான் ஆகவேண்டும். ஓ.எல். விஞ்ஞானம் போதும் இதற்கு. வரும் வெப்பத்தில் கிட்டத்தட்ட 100 லீற்றர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் கையை விரித்துவிடும், மிச்சம் முழுக்க டிஸ்க்குக்கும் ட்ரம்முக்கும்தான். எஞ்சினையே நிறுத்திவிட்டு இறக்குகிற மகான்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரெண்டு மூணு மிதியோடு பூஸ்டரும் போய்விடும், பெடல் கல்லாகிவிடும்.

அடுத்தது பிரேக் ஒயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் கொதிப்பதற்குக் குறைந்தது 205 பாகை வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140இலேயே கொதிக்கலாம் என்பதுதான் அந்தத் தரத்தின் கணக்கு. டொட் 4க்கு 230, ஈரமேறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஒயிலை அழுத்தினால் அது கலிப்பரைத் தள்ளும். ஆவியை அழுத்தினால் அது சும்மா சுருங்கும், பெடல் தரைக்குப் போகும். வருஷத்தில் பாதி நாள் மூட்டமும் மழையுமாக இருக்கிற நம்ம ஊரில், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒயிலை மாற்றவேண்டும் என்பதைக் கம்பனிக்காரன் சும்மா சொல்லவில்லை. மச்சான் வண்டியின் ஒயிலை கராஜில் பாஸ் ஒரு போத்தலில் பிடித்துக் காட்டினார். புதுசு வெளிர் மஞ்சளாக இருக்கும். இது நல்ல சாயம் இறங்கிய பிளேன்டீ. எப்போது மாற்றியது என்று கேட்டார் பாஸ். மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விதமும் உண்டு. பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அது பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழப்பது. பின்னால் ட்ரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகுவதும் நடக்கும். மலிவு விலையில், மேல்பெட்டி மட்டும் ஒரிஜினல் மாதிரி இருக்கிற பேட் போட்டால் இது சீக்கிரமே வரும்.

இப்போது மச்சானின் ‘அப்கிரேட்’டுகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் பிரேக்கைக் குறைத்த வேலை என்று நான் சொல்கிறேன். 33 இஞ்சி டயர் அழகுதான். ஆனால் கம்பனி கொடுத்தது முப்பதரை இஞ்சிச் சொச்சம். சில்லு பெரிதாகப் பெரிதாக அதை நிறுத்த அதே டிஸ்க் கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டும். கிட்டத்தட்ட 8 சதவீதம் பிரேக்கை அவர் காசு கொடுத்து விற்றிருக்கிறார். சிப் போட்டதால் வேகம் கூடும். 40இல் வரவேண்டிய வளைவுக்கு 60இல் வந்தால், நிறுத்தும்போது வரும் வெப்பம் ரெண்டேகால் மடங்கு.

சஸ்பென்ஷனைத் தூக்கியது இன்னும் மோசம், அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பழைய ஹைலக்ஸ் பலதில் பின் அக்சிலோடு ஒரு கம்பி மூலம் இணைத்த வால்வு ஒன்று இருக்கும். பின்னால் பாரம் ஏறி பொடி கீழே இறங்கினால், அந்த வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். வெறும் வண்டி என்றால், பின் சில்லு இறுகி வழுக்காதபடி குறைத்து அனுப்பும். நீங்கள் வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிபண்ணாமல் விட்டால், வால்வு என்ன நினைக்கும்? பின்னால் பாரமே இல்லை என்று நினைக்கும். பின்னால் கரட் மூட்டையும் ரெண்டு பேரும் இருந்தாலும் அதற்குத் தெரியாது. முழுப் பாரமும் முன் பிரேக் தலையில்.

அப்படியென்றால் உண்மையான பிரேக் அப்கிரேட் என்று ஒன்றும் இல்லையா? இருக்கிறது. எஞ்சினின் பவரைக் கூட்டி, பாரம் இழுத்து, மலையில் ஓடுகிற வண்டிக்கு பெரிய, கனமான, நடுவில் காற்றோட்டம் உள்ள டிஸ்க் நல்லது. இரும்பு கூடினால் வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவும் கூடும். ஆனால் பெரிய கலிப்பர் போட்டால் மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஒத்துவர வேண்டும். முன்னால் மட்டும் கூட்டிப் பின்னாலை விட்டால் சமநிலை கெடும். ஓட்டை போட்ட டிஸ்க் படத்துக்கு நல்லா இருக்கும், ஆனால் கடும் சூட்டில் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் வெடிப்பு விடும். ஸ்டீல் பின்னிய ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும், கொதிக்கிற ஒயிலைக் கொதிக்காமல் ஆக்காது. ஆகவே முதல் காசு புது டொட் 4 ஒயிலுக்கு. அடுத்தது நம்பகமான பேட், லைனர், ட்ரம் அட்ஜஸ்ட்மென்ட், பழைய ரப்பர் ஹோஸ், அந்த வால்வு. பிறகு டயர், அளவில் பெரிசு இல்லை, ஈரத்தில் பிடிக்கிற டயர். இதெல்லாம் முடிந்து காசு மிஞ்சினால் பெரிய டிஸ்க். கடைசியில் வேண்டுமென்றால் சிப். நம்ம பையன்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு குரல் கேட்கும் என்று தெரியும். “அவன் உழைச்ச காசு, அவன் வண்டி, ஒனக்கென்னடா?” இன்னொரு பக்கம் பெரிசுகளின் குரல்: “லயத்துப் பையனுக்கு எதுக்கு கெப்பு?” ரெண்டாவது குரலோடு நான் ஒருநாளும் சேரமாட்டேன். தோட்டத்தில் கெப் என்றால் அது தொரையின் வண்டி. அது வரும்போது எங்க தாத்தாமார் ரோட்டை விட்டு கானுக்குள் இறங்கி நின்றார்கள். அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் இன்றைக்கு எங்க மச்சான் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எனக்கு அது பெருமைதான். பளபளக்க வைக்கட்டும், ஹோர்ன் அடிக்கட்டும். ஆனால் கானுக்குள் நிற்கிற ஆட்கள் இன்னும் நிற்கிறார்கள். கொழுந்துச் சாக்கோடு வருகிற அம்மா, ஸ்கூல் பிள்ளைகள். நம்ம ரோட்டில் நடைபாதை கிடையாது. வண்டி உங்களுடையது, இறக்கம் எல்லோருக்கும் பொது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதி. கொழும்புப் பாடசாலை ஒன்றிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகளின் பஸ் அந்த இறக்கத்தில் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். உயிர்போனது எல்லாம் சின்ன வாகனங்களில் வந்தவர்களுக்கு. மேலே இருந்து வருகிறவனின் பிரேக்குக்குக் கீழே இருக்கிறவன்தான் விலை கொடுக்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கனரக வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்கள் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர். ரெண்டு தரமும் ஊரில் முதலில் எழுந்த பேச்சு பிரேக்தான். ரெண்டு தரமும் ஒரு வாரம் பேசினோம்.

வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க புகைப் பரிசோதனைக்குப் போகிறோம் இல்லையா? அந்த மெஷின் சைலன்சருக்குள் மூக்கை விட்டுப் பார்க்கும், சில்லுப் பக்கம் திரும்பாது. மச்சானின் கெப் அந்தப் பரிசோதனையில் பாஸ். பிளேன்டீ ஒயிலோடு பாஸ். மலைநாட்டு மாவட்டங்களில் ஓடுகிற வாகனத்துக்கு அதே இடத்திலேயே பிரேக் ஒயிலின் ஈரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது பெரிய புரட்சியா? அதைப் பார்க்கிற கருவி பேனா அளவுதான் இருக்கும். தோட்டத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற லொறிக்கும் ட்ராக்டருக்கும் இதே கேள்வியை நிர்வாகத்திடம் கேளுங்க. சம்பளத்துக்குப் பேசுகிற மேசையில் லொறியின் லைனரைப் பற்றியும் தொழிற்சங்கம் ஒரு வரி பேசலாம். இதுவரை பேசி நான் கேட்டதில்லை.

மச்சான் இந்தக் கட்டுரையை வாசிப்பார். பெயர் போடாததற்கு நன்றி சொல்வார். ஒயில் மாற்றிவிட்டார், பேட் மாற்றிவிட்டார், வால்வுக் கம்பியையும் பாஸ் சரிபண்ணிக் கொடுத்தார். 33 இஞ்சி டயரைக் கழற்றமாட்டேன் என்று இன்னும் அடம். சிவப்பு மூடியில் ஒன்று பின் இடது சில்லிலிருந்து றம்பொடையிலேயே கழன்று விழுந்துவிட்டது. அதற்கு ஜோடி எங்கே கிடைக்கும் என்று நேற்றும் கேட்டார்.