கலாச்சாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருக்குமா?

"நம்ம ஊர்ல பெரியவங்களை ஹோம்ல தள்ள மாட்டோம் சார், நம்ம கலாச்சாரம் அப்படி." டிமென்ஷியா பத்தி எங்க பேச்செடுத்தாலும் இந்த வசனம் வந்து விழுது. சரிங்க, ஒத்துக்கறேன். ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கலாச்சாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நனைஞ்ச வேட்டியை மாத்தி விடுமா?

கணக்கைப் பாருங்க. 2023-ல வெளியான லாசி-டாட் ஆய்வுப்படி, இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. பெரும்பாலும் வீட்டுலதான் இருக்காங்க. நாம மார்தட்டிக்கற வேலையை செய்யறது ஒரு மனைவியோ, மகளோ, மருமகளோ.

எங்க வீட்டுல அது எங்கம்மா. அஞ்சு வருஷமா தாத்தாவைப் பார்த்துக்கறாங்க. சாப்பிட்டுக் கழுவின கை காயறதுக்குள்ள, "இந்த வீட்டுல எனக்கு சோறே போடறதில்ல"ன்னு வர்றவங்ககிட்ட சொல்லுவார். சாப்பிட்டது மூளையில பதியல, அது நோய். சொந்தக்காரங்க அம்மாவை ஒரு பார்வை பார்த்துட்டுப் போவாங்க. ஒரு மணி நேரம் மாத்தி உட்கார ஆள் வராது. அந்தப் பார்வை மட்டும் தவறாம வரும்.

சட்டம்? 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல, பெரியவங்களைக் கைவிட்டா மூணு மாசம் வரைக்கும் ஜெயில். நல்லது. கைவிடாதவங்களுக்கு? ஒரு நாள் ஓய்வு தர அதுல வழியில்ல.

ஆலோசனைன்னு கேட்டா, "உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள், நண்பர்களுடன் வெளியே செல்லுங்கள்"ங்கறாங்க. மாமனாரை மருமகள் குளிப்பாட்டற சங்கடத்துக்கு அதுல ஒரு வரி உண்டா? வேண்டியது, வீட்டுக்கே வந்து நாலு மணி நேரம் இருக்கற பயிற்சி பெற்ற ஆள், ஆம்பளைக்கு ஆம்பளையா. அப்புறம் பையன், நாத்தனார், சித்தப்பா எல்லாரையும் உட்கார வெச்சு, "இது நோய், இவங்க மேல தப்பில்ல"ன்னு டாக்டர் வாயால சொல்றது.

முடியாத காரியமா? 2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருது. வாசல் வரைக்கும் வந்தாச்சு. வர்றவங்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, பார்த்துக்கறவங்ககிட்டயும் "நீங்க தூங்கினீங்களாம்மா?"ன்னு கேட்க வைக்கலாமே.

அதுவரைக்கும், கலாச்சாரம் பேசறவங்க தயவுசெஞ்சு ஒரு ராத்திரி வந்து தாத்தா பக்கத்துல படுங்க. காலையில மிச்சத்தைப் பேசலாம். காபி நான் போடறேன் :)