கோடரிக்கு முன் வேரைப் பாருங்கள்

2024 மே 7 அன்று ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. அடுத்த சில நாள்களிலேயே கோலாலம்பூர் மாநகர் மன்றம், ஆபத்தான 28 முதிய மரங்களை அகற்றப்போவதாக அறிவித்தது. அன்றுமுதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தச் சாலையோர மரத்தைப் பார்த்தாலும், 'வெட்டிவிடுங்கள்' என்ற குரல்தான் முதலில் எழுகிறது.

என் கவலை அந்தச் சாலையோர மரங்களில் ஒன்றான அங்சானாவைப் பற்றியது. நம் வேங்கையும் செஞ்சந்தனமும் எந்தப் பேரினமோ, அதே பேரினம் இதுவும். பருத்த கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும் உறுதி இதற்கு உண்டு. வேர்முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணுக்கு உரமூட்டும். வறட்சியில் இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கும். பூத்த மறுநாளே நடைபாதையில் மஞ்சள் பாய் விரித்துவிடும். நறுமணமுள்ள இதன் மரம் அறைகலன்களுக்குப் பேர்போனது. பிலிப்பைன்ஸுக்கோ இதுதான் தேசிய மரம்.

பிரிக்பீல்ட்ஸில் நான் தினமும் கடந்துபோகும் அங்சானா ஒன்று இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூட இல்லை. பட்டையை முட்டிக்கொண்டு சிமெண்ட் நிற்கிறது. குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு பக்க வேரையே அறுத்துவிட்டார்கள். அறுத்த இடம் கறுத்து, காளான் பூத்திருக்கிறது. நாளை அது சாய்ந்தால், பழி மரத்துக்கா?

சிங்கப்பூரைப் பாருங்கள். 1960களின் இறுதியில் நிழலுக்காக அங்சானாப் போத்துகளை வரிசையாக நட்ட நகரம் அது. அங்கே 2001இல் மரம் விழுவதும் கிளை முறிவதுமாக ஏறத்தாழ 3,100 சம்பவங்கள். அண்மை ஆண்டுகளில் அது 500க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே வெயில், அதே புயல்மழை. மரங்களை மொட்டையடித்து இதைச் சாதிக்கவில்லை. முறைவைத்துச் சோதித்தார்கள், நோயுற்ற கிளையைக் காலத்தில் கழித்தார்கள். 3,100 எங்கே, 500 எங்கே! இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

'முதிய மரமென்றாலே ஆபத்து' என்பவர்களுக்கு மரமும் தெரியாது, மண்ணும் தெரியாது. வெட்டுவது ஒரு நாள் வேலை. பேணுவது ஆண்டு முழுவதும் செய்யவேண்டிய வேலை. அந்தச் சோம்பலுக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டக் கூடாது. நகரச் சாலையில் விழும் பல மரங்களுக்குப் பின்னால் மனிதன் விட்ட பிழை இருக்கிறது.

மாநகர் மன்றங்களே, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள். ஈராண்டுக்கு ஒருமுறையேனும் சோதியுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விடுங்கள். கோடரியை அதன்பிறகு எடுக்கலாம்.