மீண்டும் புகைத்தவனைத் தூற்றுவோர்க்கு ஒரு மறுப்பு

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" கஞ்சாவை விட்ட இளைஞன் சில மாதங்களில் மீண்டும் அதனைத் தொட்டுவிட்டால், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம்மவர் வழங்கும் தீர்ப்பு இதுவே. பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, இக்கூற்றை நான் வன்மையாக மறுக்கிறேன்.

நாள்தோறும் கஞ்சா புகைத்தவர் அதனைத் திடீரென நிறுத்தினால் எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை முதலியன தோன்றும். முதல் வாரத்தில் இவை மிகும். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் இந்நிலை இடம்பெற்றுள்ளது. நம் வீடுகளிலோ இவ்வெரிச்சலுக்குத் 'திமிர்' என்று பெயர். வசைமாரி பொழிகிறோம். மன அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்தைப் புகையால் தணித்தே பழகிய மூளை அப்புகையையே மீண்டும் கேட்கிறது.

அடுத்தது, பழகிய சூழல். மணியோசை கேட்டதும் பாவ்லவின் நாய்க்கு எச்சில் ஊறியதை வகுப்பறையில் படித்தோம். சுருட்டுந்தாள், கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் ஓசை, இருள் கவியும் நேரம் ஆகியவை அத்தகைய மணிகளே. தோட்டத்து லயத்தைவிட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை, தான் புகைத்த அதே படிக்கட்டில்தான் நாள்தோறும் ஏறியிறங்க வேண்டும். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். நாடு திரும்பிய முதலாண்டில் அவர்களுள் ஏறக்குறைய 5 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையாயினர். சூழல் மாறியது அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுப் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டமும் நிலையத்தில் 2 ஆண்டு, அதன்பின் 2 ஆண்டு கண்காணிப்பு என்றே வகுத்தது. வீடு திரும்பிய பின்னரும் ஆபத்து உண்டென்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது; நாம் உணரவில்லை.

"அப்படியானால் தவற்றை மூடி மறைப்பதா?" என்பீர்கள். இல்லை. 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல் எனக் கருதும் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இங்குண்டு. மீண்டும் புகைப்பவன் மீண்டும் விற்பவனிடமே செல்கிறான். ஆகவேதான் அவனைத் தடுக்கும் வழியை அறிந்து செய்க என்கிறேன்.

பெற்றோரே, முதல் இரண்டு வாரம் நாவை அடக்குங்கள். மாலைப்பொழுதில் அவனைத் தனியே விடாதீர்கள். அவன் செல்லும் பாதையையும் நேரத்தையும் மாற்றுங்கள். தாமே முன்வந்து சிகிச்சை கேட்க அதே 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தை நாடுங்கள். ஆசிரியர்களே, அவன் தம்பி நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறான். 'கஞ்சாக்காரன் தம்பி' என்று யாரும் அவனை அழைக்க விடாதீர்கள். அவ்விழிசொல் அன்று மாலையே அவ்வீட்டைச் சென்றடையும்.