வேத மந்திரம்... உறுமும் குரல்... சிங்கப்பூர் தமிழர்களின் மெட்டல் ஆல்பம்!

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் வருகிறது திருக்கழுக்குன்றம். நான்கு வேதங்களே இங்கே மலையாக நிற்கின்றன என்பது ஊர் நம்பிக்கை. அதனால்தான் மலைமேல் இருக்கும் சிவனுக்கு வேதகிரீஸ்வரர் என்று பெயர். அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் இயர்போனில் போட்டுக் கேட்கப் பொருத்தமானதுதான் இந்த வார ஆல்பம். சிங்கப்பூர் இசைக்குழு 'ருத்ரா' 1998-ல் வெளியிட்ட முதல் முழுநீள ஆல்பம் அது. ஆல்பத்தின் பெயரும் 'ருத்ரா'தான்.

ஆனால், ஒரு எச்சரிக்கை. இது பக்திப் பாடல் தொகுப்பு அல்ல, ஹெவி மெட்டல்! கிட்டார் உறுமும். டிரம்ஸ் இரண்டு கால்களாலும் மிதிபடும். பாடுகிறவர் அடித்தொண்டையிலிருந்து கர்ஜிப்பார்.

ஆலையில் பிறந்த இசை

இந்த இசையின் தொட்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அங்கே உலோகத்தகடு ஆலையில் வேலை செய்த டோனி அயோமி என்ற இளைஞர், இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கில் உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடியும் கிட்டாரைத் தொட்டார். அவரது 'பிளாக் சபாத்' குழு முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1969-ல் ஒரே நாளில் பதிவு செய்தது. 1970 பிப்ரவரியில் அது வெளியானது. ஹெவி மெட்டலின் வரலாற்றைப் பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ருத்ராவுக்கு ஒரு நாள் போதவில்லை. ஆறு வருடங்கள் ஆயின. பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் கலைஞர் சிவா உள்ளிட்டோர் 1992-ல் குழுவைத் தொடங்கினார்கள். 1994-ல் ஒரு மாதிரிப் பதிவு வந்தது. நடுவில் குழு கலைந்தது, மறுபடியும் சேர்ந்தது. அதன் பிறகுதான் முழு ஆல்பம்.

அப்படிக் காத்திருந்து என்ன கொடுத்தார்கள்? சாத்தானும் நரகமும் மேற்கத்திய மெட்டலின் வழக்கமான பாடுபொருள்கள். கடல்கடந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சாத்தான் இரவல் சரக்கு. ருத்ரா தன் வீட்டுப் பரணில் தேடியது. ஆங்கில வரிகளுக்கு நடுவே சமஸ்கிருத மந்திரங்களையும் இந்தியத் தத்துவத்தையும் கொண்டுவந்தது. 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் அந்தக் குழுவோடு ஒட்டிக்கொண்டது.

சாமி பெயரைச் சொல்லிக் கத்தலாமா?

வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் நியாயமான கேள்வி இது. பதிலின் ஒரு பகுதி பெயரிலேயே இருக்கிறது. 'ருத்ர' என்ற சொல்லின் வேருக்கே அழுதல், அலறுதல் என்றுதான் பொருள் சொல்வார்கள். இன்னொரு பகுதி நம் ஊரிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு பக்கத்து கிராமங்களில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். துச்சாதனன் வேஷக்காரர் கரகரத்த குரலில் அலறிக்கொண்டு நுழையும்போது, மத்தளம் அதிரும், குழந்தைகள் அம்மாவின் மடியில் ஒளிவார்கள். அதை யாரும் பக்திக் குறைவு என்று சொன்னதில்லை. அதே பாரதக் களத்தின் பெயரில் ருத்ராவும் 2003-ல் 'குருக்ஷேத்ரா' என்ற ஆல்பத்தை வெளியிட்டது!

2005 முதல் 2011 வரை 'பிரம்மவித்யா' வரிசையில் மூன்று ஆல்பங்கள் வந்தன. இந்தக் குழுவின் இசை வழியாக சிங்கப்பூர்த் தென்னிந்தியர்களின் அடையாளத்தை ஆராய்ந்து, யூஜின் டைரியநாதன் 2009-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்த 1998 ஆல்பம்தான்.

ஒரு குறை உண்டு. ஆங்கிலமும் சமஸ்கிருதமும் ஒலிக்கும் அளவுக்கு அதில் தமிழ் ஒலிக்கவில்லை. டெல்லியின் 'பிளடிவுட்' குழு 2022-ல் தன் முதல் முழு ஆல்பமான 'ரக்ஷக்'கில் இந்தியையும் பஞ்சாபியையும் டோல் மேளத்தையும் மெட்டலுக்குள் கொண்டுவந்தது. மனநலம் பற்றியும் பாடியது. பறையும் பம்பையும் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் நம் மண்ணில், அப்படியொரு தமிழ் ஆல்பத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. கல்லூரி விழாக்களில் ஆங்கிலப் பாடல்களையே திரும்பத் திரும்ப வாசிக்கும் குழுக்களே... உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?

இந்த வாரம் ஒரு முயற்சி செய்து பாருங்கள். பாட்டி பக்கத்தில் இருக்கும்போது ஒரு பாட்டை ஸ்பீக்கரில் போடுங்கள். முதலில் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். அப்புறம் மந்திரம் காதில் விழும். "இது சாமி பாட்டாடா?" என்று கேட்டால், பதிலை ரெடியாக வைத்திருங்கள்!