படிவத்தில் ஆறு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் கத்திவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். வடசென்னைக்கென்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கப் போகிறார்களாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஐந்நூறு பேரைப் பார்த்து, வாசகர்களுக்கு என்ன வேண்டும் என்று கணக்கெடுத்த பிறகுதான் முதல் இதழாம். கையில் செல்போன், அதில் ஒரு படிவம், இருபத்து மூன்று கேள்விகள்.

பத்திரிகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் லேத் ஓட்டியவன் நான். ஷிப்டு முடிந்து வந்து, தரையில் உட்கார்ந்து, யூனியன் நோட்டீசுக்கு வாசகம் எழுதியவன். இந்த மண்ணிலிருந்து ஒரு பத்திரிகை வராதா என்று பாதி வாழ்நாள் ஏங்கியிருக்கிறேன். அந்த நிறைவு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒரு பெண் அவரிடம் போய், "அம்மா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிப்பீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதும்மா. பேத்தி பேப்பரப் படிச்சுக் காட்டுவா, கேட்டுக்குவேன். இன்னா போடுவீங்க அதுல?"

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு ஏதோ ஒரு கட்டத்தைத் தொட்டாள். படிவம் அதோடு முடிந்துவிட்டது. வாசகர் அல்லாதவரிடம் மீதி இருபத்திரண்டு கேள்விகளையும் கேட்கத் தேவையில்லையாம், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். "இன்னா போடுவீங்க அதுல" என்ற கேள்விக்கு மூன்று பேரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்று எங்கள் தெருவில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மீதுதான். எதைத் தொடங்கினாலும் முதலில் கணக்கெடு, கேட்டுத் தெரிந்துகொண்டு அதைக் கொடு என்பது இன்று வேதவாக்காகிவிட்டது. சோப்பு விற்கிறவர் சொல்கிறார், சீரியல் எடுக்கிறவர் சொல்கிறார், இலக்கியக் கூட்டத்தில் மைக் பிடிக்கிறவரும் சொல்கிறார். பத்திரிகையைப் பொறுத்தவரை இது பொய். வாசகர் எங்கேயோ தயாராக உட்கார்ந்திருக்க, நாம் போய் அவரைக் கண்டுபிடிப்பதில்லை. பத்திரிகைதான் தன் வாசகரை உண்டாக்குகிறது.

1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. நடத்தியவர் க. அயோத்திதாசப் பண்டிதர், சித்த மருத்துவர். அன்றைய சென்னை மாகாணத்தில் பத்தில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு கிடையாது. அவர் யாருக்காக எழுத உட்கார்ந்தாரோ அந்த ஒடுக்கப்பட்ட மக்களைப் பல பள்ளிக்கூடங்கள் திண்ணையிலேயே ஏற்றாத காலம். அப்போது ஒருவர் படிவத்தோடு சேரி சேரியாகப் போயிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிப்பீர்கள்? பூஜ்யம். மாதம் எவ்வளவு செலவழிப்பீர்கள்? பூஜ்யம். பௌத்த வரலாறு வேண்டுமா, அரசியல் வேண்டுமா, மருத்துவம் வேண்டுமா? அப்படியொரு கேள்வியே அவர்களுக்கு விளங்கியிருக்காது. பண்டிதர் கேட்கவில்லை. விலையைப் பெயரிலேயே வைத்தார், நான்கு பக்கத்தையும் நிரப்பினார், அனுப்பினார். கோலார் தங்கவயலில் படித்தார்கள். ரங்கூனில் படித்தார்கள். தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போன தமிழர்கள் படித்தார்கள். 1914இல் அவர் கண்ணை மூடும்வரை ஏழு ஆண்டுகள் அது வந்துகொண்டிருந்தது. அதோடு போகவில்லை, தங்கவயலில் மறுபடி உயிர்பெற்றது. எழுத்தறியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நடுவிலிருந்து எழுதுகிறவர்களையும் வாதாடுகிறவர்களையும் அந்த நான்கு பக்கம் உண்டாக்கியது.

இன்னொன்றும் உண்டு. தொடங்கி ஓராண்டு கழித்து, 'ஒரு பைசா' என்ற அடைமொழி வேண்டாம் என்று வாசகர்கள் கேட்டார்கள். பண்டிதர் ஏற்றுக்கொண்டார், 1908இல் அது 'தமிழன்' ஆனது. வாசகர் பேச்சை அவர் கேட்காதவர் அல்ல. வாசகர் உண்டான பிறகு கேட்டார்.

அவருக்கும் முன்னால், 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். மூன்றே மாதத்தில் அது வாரப் பத்திரிகை ஆயிற்று. இந்தப் பெயரைக் கருத்துக்கணிப்பில் வைத்திருந்தால் ஒரு ஓட்டு விழுந்திருக்குமா?

கணக்கு என்றால் பிழையற்றது என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாட்டிலேயே பெரிய வாசகர் கணக்கெடுப்பாக இருந்தது இந்தியன் ரீடர்ஷிப் சர்வே. அதன் 2013ஆம் ஆண்டு அறிக்கை 2014 தொடக்கத்தில் வெளிவந்தது. சென்னையிலிருந்து வரும் பிசினஸ் லைன் நாளிதழுக்குச் சென்னையில் உள்ளதைப்போல மூன்று மடங்கு வாசகர்கள் மணிப்பூரில் இருப்பதாக அது சொன்னது. நாட்டின் பெரிய நாளிதழ்கள் ஒன்றுசேர்ந்து அதை நிராகரித்தன. கோடிக்கணக்கில் பணம் கொட்டி, லட்சக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டி எடுத்த கணக்கின் கதியே இது. மூன்று செல்போனை வைத்துக்கொண்டு ஐந்நூறு பேரைக் கேட்டு எண்ணூரின் மனசை அளந்துவிட முடியுமா?

அந்தப் படிவத்தை நான் முழுக்கப் பார்த்தேன். ஏழாவது கேள்வி: எந்தப் பகுதியை விரும்பிப் படிப்பீர்கள்? சினிமா, சமையல், ஆன்மிகம், ராசிபலன், விளையாட்டு, வேலைவாய்ப்பு, மற்றவை. இந்த ஏழு கட்டத்துக்குள் எண்ணூர் எங்கே இருக்கிறது? கொசஸ்தலை ஆறு இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் இல்லை. முகத்துவாரத்தில் மண் மூடிவிட்டால் படகு வெளியே போக முடியாமல் நிற்குமே, அது இல்லை. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இருந்த கழிமுகம் பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போனதே, அது எந்தக் கட்டத்தில் வரும்? எல்லாவற்றையும் 'மற்றவை'யில் தள்ளியிருக்கிறார்கள். நம்முடைய வாழ்வு 'மற்றவை' ஆகிவிட்டது.

2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. பெரியகுப்பத்துக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நள்ளிரவில் கண் எரிச்சலோடு, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். அப்படியொரு குழாய் தங்கள் கடலுக்கடியில் கிடக்கிறது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்து, வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. டிசம்பர் 25ஆம் தேதி ஒருவர் படிவத்தோடு பெரியகுப்பத்துக்கு வந்து, "அம்மோனியா குழாயைப் பற்றிப் படிக்க விரும்புவீர்களா?" என்று கேட்டிருந்தால் யார் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள்? தெரியாத ஒன்றை எப்படி விரும்பிக் கேட்க முடியும்? தெரியாததைத் தெரியவைப்பதற்குத்தானே பத்திரிகை!

எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. தொண்ணூறுகளில் ஒருமுறை, அடுத்த நோட்டீசில் என்ன எழுதலாம் என்று கம்பெனி கேட்டில் நின்று தோழர்களைக் கேட்டோம். எல்லோரும் போனஸ் என்றார்கள். போனஸ் எழுதினோம், டீக்கடை வாசலிலேயே கசங்கிக் கிடந்தது. அடுத்த வாரம் யாரையும் கேட்காமல், பிரஸ் ஷாப் இரைச்சலில் இருபது வருடம் நின்று காது கேட்காமல்போன ஒரு தோழரைப் பற்றி எழுதினேன். பேரன் கூப்பிடுவது அவருக்குக் கேட்பதில்லை என்று எழுதினேன். அந்த நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் அப்படித்தான் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை எழுது என்று முன்னால் கேட்டதில்லை.

சரி, கருத்துக் கேட்பது என்றால் எங்களுக்கு என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய ஆலை வர வேண்டுமானால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஷாமியானா போடுவார்கள், மைக் வைப்பார்கள், போலீஸ் நிற்கும். 2024 டிசம்பரில் 660 மெகாவாட் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காகக் கேட்டார்கள். மீனவப் பெண்கள் மைக்கைப் பிடித்து, வேண்டாம் என்று தொண்டை கிழியச் சொன்னார்கள். அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். இங்கே கேள்வி கேட்பது ஒரு சடங்கு, பதிலுக்கு மதிப்பில்லை என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். இன்னொருவர் வந்து இருபத்து மூன்று கேள்வி கேட்டால் மரியாதைக்கு ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டி அனுப்பி வைப்போம். அதை எடுத்துக்கொண்டுபோய் வாசகர் ரசனை என்று அட்டவணை போடுவார்கள். அட்டவணையில் சினிமாவும் ராசிபலனும் முதலில் நிற்கும். வடசென்னைக்காரனுக்கு வேறென்ன தெரியும் என்ற பழைய பேச்சுக்கு அது புதிய சான்றிதழாகிவிடும்.

கேட்காமலே கொடுப்பதெல்லாம் வேறு இடங்களுக்குக் கிடைக்கிறது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் கட்டினார்கள். எட்டு மாடி எழுப்புவதற்கு முன்னால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிப்பீர்கள் என்று யாரும் அடையாற்றுக்காரர்களைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, அது நல்ல காரியம். இங்கே இருக்கிற சிறிய நூலகத்துக்குப் போனால், ஷிப்டு முடிந்து ஆள் வருகிற நேரத்தில் கதவு பூட்டியிருக்கிறது. கேட்டால் ஆள் வருவதில்லை என்கிறார்கள். பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்? சினிமாக்காரர்களும் ராயபுரம், காசிமேடு என்றால் கத்தியைத்தான் முதலில் தேடுகிறார்கள். மே தினக் கொடியை 1923இல் சென்னைக் கடற்கரையில் ஏற்றி, அந்த ஆண்டே 'தொழிலாளன்' பத்திரிகையும் நடத்திய சிங்காரவேலர் ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அவரை அவர்கள் தேடுவதில்லை.

அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். விளம்பரம் தருகிறவர்கள் எண்ணிக்கை கேட்கிறார்கள் ஐயா என்றான் ஒரு பையன். அவன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பண்டிதர் விளம்பரதாரரைத் திருப்திப்படுத்திவிட்டு ஒரு பைசாவுக்கு விற்கவில்லை. கையில் உள்ளதை வைத்து நான்கு பக்கம் போடுங்கள் என்றேன். முதல் இதழில் ஒரே ஒரு வரைபடம் போதும்: திருவொற்றியூரிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் என்னென்ன குழாய் போகிறது, எதில் என்ன ஓடுகிறது, கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள், யார் படிக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். ஒரு வருடச் சந்தா என்று முந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்தேன். ரசீது புத்தகம் இன்னும் அடிக்கவில்லை என்றார்கள். வாசகர் கணக்கெடுப்புக்குச் செயலி தயார், ரசீது புத்தகம் தயாரில்லை.

அவர்கள் போய் ஆறு நாள் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு சாயங்காலமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்கிறார்: "அண்ணே, அந்தப் பொண்ணு எழுதிக்கினு போச்சே, அந்த பொஸ்தகம் எப்ப வரும்? வந்தா ஒண்ணு எனக்கு எடுத்து வையி. பேத்திய வுட்டு படிக்கச் சொல்றேன்."